கண்ணீரும் பட்டாசும்

1965ஆம் வருஷம் ஆகஸ்டு 9ஆம் தேதி சிங்கப்பூர் மலேசியாவை விட்டுப் பிரிந்தது. அதைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு இரண்டு காட்சிகள் எப்போதும் கைவசம் இருக்கின்றன. ஒன்று, லீ குவான் இயூ டெலிவிஷனில் கண் கலங்கியது. மற்றது, சைனா டவுனில் பட்டாசு வெடித்தது. இரண்டும் நடந்தவைதாம். ஆனால் அவற்றைக் கொண்டு, 'ஜனங்கள் அழுதார்கள்' என்றோ 'ஜனங்கள் கொண்டாடினார்கள்' என்றோ எழுதுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஜனங்களை யார் கேட்டார்கள்? அன்று கோலாலம்பூர்ப் பார்லிமெண்டில் பிரிவினைக்கு 126 ஓட்டுகள் விழுந்தன. எதிர்த்து ஒன்றுகூட இல்லை. 1962இல் சிங்கப்பூரில் நடந்த வாக்கெடுப்பிலோ, மலாயாவோடு எப்படிச் சேர்வது என்பதற்கு மூன்று வழிகள் காட்டினார்கள். சேர வேண்டாம் என்று சொல்ல இடமே வைக்கவில்லை. ஏறக்குறைய நாலில் ஒரு சீட்டு ஒன்றும் குறிக்கப்படாமல் பெட்டியில் விழுந்தது. கதை எழுதுகிறவன் தேடிப் போகவேண்டியது அந்தச் சீட்டைப் போட்ட மனிதரைத்தான்.

2016இல் பிரிட்டனில் ஜனங்களை நேராகவே கேட்டார்கள். ஐரோப்பிய யூனியனை விட்டு விலக 51.9 சதவீதம், இருக்க 48.1 சதவீதம் என்று பதில் வந்தது. 'பிரிட்டன் தீர்மானித்துவிட்டது' என்ற ஒரே வாக்கியத்தில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் காணாமற் போனார்கள்.

எங்கள் திருவேற்காட்டுக் கருமாரியம்மன் சந்நிதியில் சிங்கப்பூர்த் தமிழரும் மலேசியத் தமிழரும் ஒரே வரிசையில் நிற்பதுண்டு. உறவுக்காரர்களாகவும் இருப்பார்கள், பாஸ்போர்ட்டுதான் வேறு. ஜோகூர்க் கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் அக்காளும் இந்தப் பக்கம் தம்பியுமாக இருந்தவர்கள், அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தபோது என்ன நினைத்தார்கள்? கண்ணீரும் பட்டாசும் பத்திரிகையில் வந்துவிட்டன. இதை நாவலாசிரியர்கள்தாம் எழுதவேண்டும்.