விட்டுப் பிடித்தல்

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலை. ஐப்பசி மழை. வளைவு திரும்பினால் பாதிச் சாலையை மறித்துக் கிடக்கிறது ஒரு மரக்கிளை. பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பாதத்துக்கு அடியில் கடகடவென்று ஓர் அதிர்வு. யாரோ கீழேயிருந்து பெடலைத் திருப்பித் தட்டுவதுபோல. முதல்முறை இதை உணர்கிறவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுவார்கள். எடுக்கக் கூடாது. ஏபிஎஸ் வேலை செய்கிறது என்பதற்கு அந்தக் கடகடப்புதான் சாட்சி. வேகம் குறைந்துகொண்டே இருக்கும்போதே ஸ்டியரிங்கை ஒடித்தேன். ஒடித்த பக்கம் கார் விலகிப்போய், கிளையை ஒட்டி நின்றது.

நின்றதைவிட, விலகியதுதான் அழகு. உருளுகிற சக்கரத்துக்குத்தான் திசை உண்டு. லாக் ஆகிவிட்ட சக்கரம் வெறும் சறுக்குக்கட்டை. ஸ்டியரிங்கை எப்படித் திருப்பினாலும் போன போக்கிலேயே போகும். சரி, தாராளமாக உருள விட்டால்? வண்டி நிற்காது. காரின் வேகத்துக்குச் சக்கரம் பத்திலிருந்து இருபது சதவீதம் பின்தங்கி உருளும்போதுதான் டயரின் பிடிமானம் உச்சத்தில் இருக்கிறது. முழு உருளலும் இல்லை, முழுச் சறுக்கலும் இல்லை. அந்தச் சின்ன இடுக்கில் சக்கரத்தை நிறுத்திவைப்பதுதான் வித்தை.

மழையில் ‘விட்டு விட்டுப் பிடி’ என்பது பழைய டிரைவர்களின் பாடம். அவர்களுக்கு நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே கால். ஏபிஎஸ்ஸும் விட்டுத்தான் பிடிக்கிறது, ஆனால் எந்தச் சக்கரம் நழுவுகிறதோ அதை மட்டும். சக்கரத்தின் அச்சோடு சேர்ந்து சுற்றும் ஒரு பல்வளையம், நாற்பது சொச்சம் பற்களோடு. பக்கத்தில் ஒரு சென்ஸார். 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் விநாடிக்கு ஒன்பது சுற்று சுற்றும் என்று வையுங்கள். அந்த ஒரு விநாடிக்குள் ஏறத்தாழ 400 முறை ‘நான் இன்னும் சுற்றுகிறேன்’ என்று சேதி போகிறது. சேதி சட்டென்று தளர்ந்தால், முதலில் ஒரு வால்வு மூடி பிரேக் அழுத்தம் மேலே ஏறாமல் தடுக்கும். அதுவும் போதாதென்றால் இன்னொரு வால்வு திறந்து ஆயிலை வெளியே விடும். சக்கரம் மூச்சு வாங்கி உருளத் தொடங்கியதும் மறுபடி பிடி. வெளியே விட்ட ஆயிலைப் பம்ப் திருப்பி அனுப்புகிறதே, அதுதான் நம் உள்ளங்காலில் தட்டுவது. விநாடிக்குப் பத்துத் தடவை இது நடந்தால், ஒரு விட்டுப்பிடித்தலுக்குள் கார் இரண்டு மீட்டர்கூடப் போயிருக்காது.

இந்தப் புத்தி முதலில் வந்தது விமானத்துக்கு. டன்லப்பின் மேக்ஸாரெட் 1950களில் விமானச் சக்கரங்களில் இருந்தது. 1966இல் ஜென்சன் எஃப்எஃப் காரில் ஏறியது. பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏபிஎஸ் 1978இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸோடு வந்தது. நம் ஊர் பைக்குகளில் 125 சிசிக்கு மேற்பட்டவற்றுக்கு அது கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். இரண்டே சக்கரத்தில் சறுக்குகிறவனுக்கல்லவா முதலில் கிடைத்திருக்க வேண்டும்!

டிராக்ஷன் கன்ட்ரோல் இதன் கண்ணாடி பிம்பம். அதே பல்வளையம், அதே வால்வுகள். நிற்பதற்குப் பதில் கிளம்புவது. ஈரப் புல்லில் ஒரு சக்கரம் வீணாகச் சுழன்றால், தரையைப் பிடித்திருக்கும் மறு சக்கரத்துக்கும் வலு சேராமல் போய்விடும்; டிஃபரன்ஷியலின் சுபாவம் அப்படி. அப்போது டிராக்ஷன் கன்ட்ரோல், சுழலும் சக்கரத்துக்குப் பிரேக் போடுகிறது. வேண்டுமானால் எஞ்சினின் வேகத்தையும் அடக்குகிறது. வண்டி நகர்வதற்காகப் பிரேக்! டாஷ்போர்டில் வளைந்த கோடுகளோடு ஒரு குட்டிக் கார் மஞ்சளாகச் சிமிட்டும், அவ்வளவுதான் அறிவிப்பு.

இல்லாத பிடிமானத்தை இரண்டும் உண்டாக்கிவிடாது. வழுக்கையாய்த் தேய்ந்த டயருக்கு எந்த வால்வும் உதவாது. சரளைக்கல் சாலையில் லாக் ஆன சக்கரம் முன்னால் கல்லைக் குவித்து அதில் முட்டி நிற்கும். அங்கே ஏபிஎஸ் காருக்கு நிற்கக் கூடுதல் தூரம் வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். கார் நடை வேகத்துக்கும் கீழே வந்ததும் ஏபிஎஸ் தானாக விலகிக்கொள்கிறது. அன்று கிளையருகே கடைசி அரையடியில் கடகடப்பு நின்று, சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, பெடல் கல்லாகக் கெட்டிப்பட்டது. வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.