மருந்துப் பரிசோதனைக் கணக்கும் செயற்கை நுண்ணறிவும்

பலாங்கொடையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிற் பறித்த கொழுந்து மடுவத்தில் ஒருமுறையும் தொழிற்சாலையில் மறுமுறையும் நிறுக்கப்படும். நிறை குறைந்தாற் பறித்தவளுக்கு அரைப்பேரே கிட்டும் ஆகலின், நிறுவை செம்மையாயிருத்தல் அவளுக்குச் சிறு செய்தியன்று. ஆயின், இரு தராசுகளும் ஒத்துவருதல் மட்டும் அவை மெய்ந்நிறை காட்டுகின்றன என்பதற்குச் சான்றாகுமா? இரண்டும் பிழைபட்ட ஒரே படிக்கல்லைக் கொண்டு சரிபார்க்கப்பட்டிருப்பின், அவை பிழையில் ஒத்தனவேயன்றி மெய்யில் ஒத்தன அல்ல. மருந்துப் பரிசோதனைகளின் புள்ளிவிபர நிரலாக்கத்திற் செயற்கை நுண்ணறிவு புகுந்துள்ள இந்நாளில் முதற்கண் ஆராயத்தக்க வினா இதுவேயாம்.

ஒன்றையொன்று சாராத சான்றுகள் என்பதே மருந்துப் பரிசோதனையின் உயிர்நிலை. 1948ஆம் ஆண்டிற் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை வெளியிட்ட ஸ்ட்ரெப்டோமைசின் பரிசோதனையில் 107 காசநோயாளர் எழுமாற்றாக இரு பிரிவினராக்கப்பட்டனர். அவர்தம் கதிர்ப்படங்களை இரு கதிரியல் வல்லுநரும் ஒரு மருத்துவரும் தனித்தனியே நோக்கினர். எப்படம் எப்பிரிவினர்க்குரியது என்பது அவர்க்கு அறிவிக்கப்படவில்லை. ஆறு திங்களில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்தனர். 1956இற் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையமும் எழுமாற்று நெறியைப் பின்பற்றி, 193 நோயாளரை வீட்டிலிருந்து மருந்துண்போர், மருத்துவ விடுதியில் தங்கி உண்போர் எனப் பிரித்து ஆராய்ந்தது. வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பயனைத் தரும் என 1959இல் வெளிவந்த அதன் முடிவு, கட்டில்கள் போதாத நாடுகளிற் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. இத்துணைப் பெரிய மாற்றங்களைத் தாங்கி நின்றவை சில அட்டவணைகளே என்பது நோக்கற்பாலது.

இன்று அவ்வட்டவணைகளை ஆக்குபவர் புள்ளிவிபர நிரலாளர். மருத்துவமனைகளிலிருந்து வரும் பதிவுகளை அவர் முதலிற் சிடிஸ்க் எனும் பொது அமைப்புக்குக் கொணர்வர். பின்னர்ச் சாஸ், ஆர் முதலிய கணினி மொழிகளிலே நிரல் எழுதி அட்டவணைகளையும் வரைபடங்களையும் பெறுவர். 2016 டிசெம்பர் 17க்குப் பின் தொடங்கிய ஆய்வுகளின் தரவுகள் இத்தகைய வகுத்த அமைப்பிலேயே தரப்படல் வேண்டும் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் விதி. முதன்மையான முடிவுகளுக்கு இரட்டை நிரலாக்கம் எனும் வழக்கம் உண்டு. ஒருவர் எழுதிய நிரலைக் காணாமலே மற்றொருவர் அதே கணக்கைத் தனியே செய்வர். இரண்டும் ஒத்துவரின் முடிவு ஏற்கப்படும். மடுவத் தராசும் தொழிற்சாலைத் தராசும் போல்வது இது.

இவ்வேலையில் நேரும் பிழை எத்தகையது என்பதற்கு அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நாட்பட்ட சுவாசத் தடைநோயாளர் 240 பேரிடம் நிகழ்ந்த ஆய்வொன்று சான்றாகும். வீடு திரும்பும் நோயாளர்க்கு அளித்த தனிப்பயிற்சித் திட்டம் அவர்தம் மருத்துவமனை வரவுகளைக் குறைத்தது என 2018இல் அது அறிவித்தது. பிரிவைக் குறிக்கும் 1, 2 எனும் எண்களை 0, 1 என மாற்றியபோது பிரிவுகள் இடம்மாறிவிட்டன என்பது பின்னர் வெளிப்பட்டது. திருத்திய கணக்கின்படி, பயிற்சி பெற்றோர்க்கு ஆறு திங்களிற் சராசரி 1.40 வரவுகள், பெறாதோர்க்கு 0.72. நன்மை எனப்பட்டது தீமையாயிற்று. 2019இற் கட்டுரை மீளப்பெறப்பட்டு வேறொன்று இடப்பட்டது. நிரல் தடையின்றி ஓடியது. இலக்கணப் பிழை ஏதும் அதில் இல்லை. பொருட்பிழையைக் கணினி உணராது என்பதே இதனாற் பெறப்படுவது.

செயற்கை நுண்ணறிவை ஆதரிப்போர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஒரே வகை அட்டவணைகளை நூற்றுக்கணக்கில் எழுதுதல் சலிப்பூட்டும் வேலை. சலிப்பே பிழைக்குத் தாய். அதனை இயந்திரத்திடம் ஒப்படைத்தாற் காலமும் பொருளும் மிஞ்சும். மருந்தும் விரைவில் நோயாளரை அடையும். முன்னைய தானியக்கக் கருவிகள் இட்ட விதியையே மாறாது செய்தன. புதியவையோ, நினைத்ததைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ கூறினாலே நிரலை எழுதித் தருகின்றன. இவ்வளவும் ஏற்கத்தக்கதே.

ஏற்கத்தகாதது ஒன்றுண்டு. முதல் நிரலையும் அதனைச் சரிபார்க்கும் இரண்டாம் நிரலையும் ஒரே நுண்ணறிவிடம் எழுதுவித்து, ‘இரண்டும் ஒத்தன’ என மகிழ்தலே அது. ஓராசிரியனிடம் ஒரே பிழையைக் கற்ற இரு மாணாக்கர் ஒரே விடை எழுதினால், அதனை இரு சான்றெனக் கொள்வார் இலர். வெவ்வேறு நிறுவனத்தார் ஆக்கிய நுண்ணறிவுகளும் பெரும்பாலும் ஒரே வகை எழுத்துக்களிலிருந்து கற்றவையாகலின், அவற்றின் ஒற்றுமையையும் ஐயத்துடனேயே நோக்கல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். பலாங்கொடைத் தோட்டமொன்றிலிருந்து வரும் பெண்ணொருத்தி ஒரு பரிசோதனையிற் சேர்ந்து, ஜனவரி 10இல் முதல் மருந்து உண்டாள் எனக் கொள்க. மேலெல்லாந் தடித்தது எப்போது என வினவியவர்க்கு, “பொங்கலுக்குப் பிறகுதானுங்க” என்கிறாள். பதிவிலோ நாளின்றி ‘ஜனவரி’ என்பது மட்டுமே ஏறுகின்றது. நாள் இல்லாத இடத்தில் மாதத்தின் முதல் நாளை இடுதல் நிரலாளரிடையே பயிலும் ஒரு முறை. அதன்படி ஜனவரி 1 என இட்டால், தடிப்பு மருந்துக்கு முன்னரே தோன்றியதாகிப் பக்கவிளைவு அட்டவணையிலிருந்து அவள் துன்பம் மறைந்துபோம். ஐயமுள்ளவிடத்து மருந்துக்குப் பின் நிகழ்ந்ததாகவே கொள்ளுதல் எச்சரிக்கையான நெறி. பொதுவழக்கையே கற்ற இயந்திரம் இரு முறையும் முதல் நாளையே இடின், இரு நிரலும் ஒத்துவரும். அவள் கூறிய மெய் மட்டும் அட்டவணைக்கு வெளியே நிற்கும்.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? இயந்திரம் ஒரு நிரலை எழுதின், மற்றதனை ஆய்வுத் திட்டத்தை நேரே கற்ற மனிதர் எழுதல் வேண்டும். விடை முன்னரே தெரிந்த மாதிரித் தரவுகளை இட்டு நிரலைச் சோதித்தல் வேண்டும். அட்டவணையிலுள்ள சிலரை எழுமாற்றாகத் தெரிந்து, அவர்தம் மூலப் பதிவுவரை பின்சென்று காணல் வேண்டும். அமெரிக்க நிர்வாகம் 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவு வழிகாட்டலும், நுண்ணறிவு எவ்வினாவுக்குப் பயன்படுகின்றது, தவறின் விளையுந் தீங்கு எத்துணை என்பவற்றை அளந்து, அதற்கேற்ப நம்பகத்தை நிறுவுமாறு ஏழு படிகளை வகுக்கின்றது. இவ்வேலைகள் மிகுந்து நடைபெறும் சென்னை, பெங்களூர், ஐதராபாத் நகரங்களின் இளைஞர்க்கும், அவற்றை நாடும் இலங்கை மாணவர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நிரல் எழுதும் திறன் மலிந்துவரும் நாளில், பதிவை ஐயுற்று நோக்கும் திறனே விலையுயர்ந்ததாகும்.

தராசு எத்துணை நுண்ணியதாயினும், படிக்கல்லை ஆராய்வார் ஒருவர் வேண்டும். அட்டவணையின் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னே ஓர் உயிர் நிற்கின்றது என்பதை உணர்ந்தவரே அவ்வேலைக்குரியர். அவரை விலக்கிவிட்டுப் பெறும் விரைவு, நோயாளர் கணக்கில் ஊதியமாகாது.