தாமதமாக வந்த பையன்கள்

‘யே பாலே’ படத்தை நான் பார்த்தது மேல்விஷாரத்தில், அக்கா வீட்டுக் கூடத்தில், ஒரு கைபேசித் திரையில். பக்கத்தில் அக்காவின் பதினோரு வயது மகள். பின்னால், ஷூ கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா. அவருக்குக் கதையைவிடக் காலணியில்தான் கண். “அடித்தோலப் பாரு, முன்னால ஒரு துண்டு, குதிகால்ல ஒரு துண்டு. நடுவுல ஒண்ணுமே இல்ல” என்றார். பத்து வருடமாக அப்பர் தைக்கிறவர். பாதம் வில்லாக வளையவேண்டும் என்றுதான் நடுவில் தோலை விட்டுவிடுகிறார்கள்.

சூனி தாராபூர்வாலா எழுதி இயக்கிய இந்தப் படம் 2020 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அடிப்படை உண்மைக் கதை. மனீஷ் சவுகான் டாக்சி ஓட்டுநரின் மகன், அமிருதீன் ஷா வெல்டரின் மகன். இருவரும் மும்பையில் யெஹூதா மாவோர் என்ற ஆசிரியரிடம் பாலே கற்றார்கள். அமிருதீன் 2017இல் லண்டன் ராயல் பாலே பள்ளிக்குப் போனார். மனீஷ் தன் கதையைத் தானே நடித்திருக்கிறார். அவர் உடல் காற்றில் எழும் காட்சிகளில் நானும் வாய்பிளந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

படத்தில் ஆசிஃப் ஆடுவதை மதத்தின் பெயரால் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் எதிர்க்கிறார். முஸ்லிம் ஊர்க்காரி அந்தக் காட்சியைப் பற்றித்தான் எழுதுவாள் என்று எதிர்பார்ப்பார்கள். என்னை உறுத்தியது வேறு. அது வயது.

பாரிஸ் ஓபரா பள்ளி எட்டு வயதிலிருந்தே பிள்ளைகளைச் சேர்க்கிறது. ரஷ்யாவின் வாகனோவா பள்ளியில் பத்து. இடுப்பெலும்பு இறுகும் முன்பே கால்களை வெளிப்பக்கம் திருப்பப் பழக்கவேண்டும். பதினொன்று, பன்னிரண்டில் பெண்பிள்ளை விரல்நுனிக் காலணி போடுகிறாள். மிஸ்டி கோப்லேண்ட் பாலே தொடங்கியது பதின்மூன்றில். 2015இல் அமெரிக்கன் பாலே தியேட்டரின் முதன்மை நடனக் கலைஞரானார், அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பினப் பெண். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் அந்தப் பதின்மூன்றைத் ‘தாமதம்’ என்று வியக்கிறார்கள். மனீஷ் பாலே தொடங்கியதோ அதையும் தாண்டி!

அவர் திறமையைக் குறைக்கவில்லை. வறுமையும் விசா மறுப்பும் பொய்யல்ல. ஆனால் பாலேவுக்கு ஆண்கள் கிடைப்பதில்லை. பெண்ணைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும். எனவே ஒரு பையன் எந்த வயதில் வந்தாலும் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. ஏன் கிடைப்பதில்லை? ‘பொம்பள ஆட்டம்’ என்று ஊர் சிரிப்பதால். அந்தச் சிரிப்பைத் தாண்டி வருகிற சிலருக்கு அதே ஆணாதிக்கம் பிறகு சலுகையாகிறது. பெண்களோ வகுப்பு நிறைய இருக்கிறார்கள். ஒருத்திக்காகக் கதவைத் திறந்துவைக்க யாருக்கும் தேவையில்லை. திறமை வழி கண்டுபிடிக்கும் என்று நம்பும் இந்தப் படம், யாருடைய திறமை என்று கேட்பதில்லை. பெண் இயக்குநர் எடுத்த படம் என்பதால் எனக்கு வருத்தம் கூடுதல்.

ருக்மிணி தேவியும் இருபதுகளின் நடுவில், அன்னா பாவ்லோவாவின் குழுவிலிருந்த கிளியோ நார்டியிடம் பாலே கற்றவர்தான். அது அவருக்குத் தொழிலாகவில்லை. சதிர் கற்று 1935இல் மேடையேறினார், அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ரா. (சதிர் அதன் பரம்பரைப் பெண்களிடமிருந்து கைமாறிய விதம் தனிக் கட்டுரை.) அவருக்கு மாற்று வழி தேட வசதியும் வட்டாரமும் இருந்தன.

எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைக்கு அந்தப் பதினொன்று, பன்னிரண்டு என்ன வயது? பெரியவளாகும் வயது. துப்பட்டாவை இழுத்துவிடு, ஓடாதே, குதிக்காதே. நான் கடைசியாக மேடையில் ஆடியது ஏழாம் வகுப்பு ஆண்டு விழாவில். யாரும் தடுக்கவில்லை; அடுத்த வருடம் என் பெயரைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். மதத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகமுடியாது, என்னோடு படித்த இந்துப் பிள்ளைகளும் அதே வருடம்தான் நின்றார்கள். ஒரு பையன் பதினைந்தில் ஆசைப்பட்டால் அவன் உடல் அதுவரை தெருவில் ஓடி, சுவரேறி, பயின்றே இருக்கும். எங்கள் உடல் அடக்கத்தில் பயின்றிருக்கும்.

படம் முடிந்ததும் அக்கா மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு விரல்நுனியில் நிற்கப் பார்த்தாள். நின்றாள், இரண்டு நொடி.

“சித்தி, இதுல எத்தன வயசுல சேரணும்?”

“எட்டு, பத்து” என்றேன்.

அவள் குதிகாலைக் கீழே வைத்தாள்.