‘மலபார்’ என்ற பெயரும் நமது வாசிப்பும்

நமது ஊர் வரலாறுகள், நினைவு மலர்கள், ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்ட பழைய ஆவணங்கள் ஆகியவற்றை வாசிக்கும்போது ஒரு சொல் என்னைத் தொடர்ந்து இடறச் செய்கின்றது. அது ‘மலபார்’ என்ற சொல். ஒரு நூலில் அது மலையாளி என்றாகின்றது. இன்னொரு நூலில் தமிழர் என்றாகின்றது. மூன்றாவது ஒன்றில் கேரளத்து முஸ்லிம் வணிகர் என்றாகின்றது. சில வேளைகளில் ஒரே நூலின் இரண்டு பக்கங்களில் இரண்டு பொருள் தருகின்றது. வாசகர் எதை நம்புவது? அதைவிட முக்கியமான கேள்வி, ‘எங்கள் மூதாதையர் மலபாரிலிருந்து வந்தவர்கள்’ என்றோ ‘வரவில்லை’ என்றோ இச்சொல்லை வைத்து நாம் வாதிடும்போது உண்மையில் எதை வைத்து வாதிடுகின்றோம் என்பதாகும்.

இப்பெயரின் கீழ் இன்று வந்து நிற்கும் பொருட்களின் வரிசையே வேடிக்கையானது. மும்பாயின் செல்வந்தர் வாழும் குன்று மலபார் ஹில். அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஒரு புறநகர் மலபார். 1931இல் அக்கரையில் மோதி உடைந்த ‘மலபார்’ என்ற கப்பலின் நினைவாக அப்பெயர் பெற்றது. 1992இல் இந்தியாவும் அமெரிக்காவும் தொடங்கிய கடற்படைப் பயிற்சிக்கும் இதே பெயர்தான். பிரான்சில் சிறுவர் மெல்லும் ஒரு சுவிங்கத்திற்கும் இதுவே பெயர். நாம் பசளி என்று சுண்டும் கீரை ஆங்கில நூல்களில் மலபார் கீரை. மீன் கறிக்குப் போடும் கொறுக்காய் மலபார் புளி. இருமலுக்கு அவித்துக் குடிக்கும் ஆடாதோடையும் மலபார்க்காரர்தான். நமது அடுக்களையில் சொந்தப் பெயரோடு இருக்கும் பொருட்களுக்கு வெளியிலிருந்து வந்தவர் தாம் முதலில் கண்ட கரையின் பெயரைச் சூட்டிச் சென்றனர். கீரைக்கும் புளிக்கும் அதனால் நட்டமில்லை. மனிதருக்குச் சூட்டப்பட்டபோதுதான் சிக்கல் உண்டாயிற்று.

சொல்லின் வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். முற்பகுதி நமது ‘மலை’. பிற்பகுதியைப் பாரசீக அல்லது அரபுச் சொல்லோடு தொடர்புபடுத்துவதே பொதுவான விளக்கம். எவ்வாறாயினும் இதனைக் கடல் கடந்து எடுத்துச் சென்றவர்கள் அரபு, பாரசீகக் கடலோடிகளும் புவியியலாளருமே. அவர்களது எழுத்தில் ஒரு தெளிவு இருந்தது என்பதை நாம் போதியளவு கவனித்ததில்லை. மேற்குக் கரை அவர்களுக்கு மலைபார். கிழக்குக் கரை, அதாவது காயலும் கீழக்கரையும் நாகூரும் கிடக்கும் சோழமண்டலக் கரை, அவர்களுக்கு மஃபர். கடந்து செல்லும் துறை என்பது அதன் அரபுப் பொருள். பதினான்காம் நூற்றாண்டில் இப்னு பதூதா மலைபாரின் நீளத்தைச் சொல்லும்போது அது கோவாப் பக்கத்துச் சந்தாபூரில் தொடங்கிக் கொல்லத்தில் முடிகின்றது. ஏறத்தாழ அதே காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் மஃபரை அளக்கும்போது அது கொல்லத்தில் தொடங்கி நெல்லூர் வரை செல்கின்றது. இரண்டு கரைகள், இரண்டு பெயர்கள், நடுவே கொல்லம் என்ற எல்லைக்கல். இலங்கைக்கு 1344இல் வந்து, பின்னர் மஃபருக்குக் கடல் கடந்த இப்னு பதூதா இவ்விரண்டையும் ஒருபோதும் குழப்பியதில்லை.

குழப்பம் போர்த்துக்கேயரோடு வந்தது. அவர்கள் 1498இல் முதலில் இறங்கியது கோழிக்கோட்டுப் பக்கம். முதற்கரையின் பெயரை அவர்கள் அடுத்த கரைக்கும் கொண்டு சென்றார்கள். தமிழெழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூல் 1578இல் வெளியாயிற்று. அச்சான ஊர் அதே கொல்லம். தலைப்புப் பக்கத்தில் போர்த்துக்கேய மொழியில் அந்நூலின் மொழி ‘மலவார் தமுல்’ என்று குறிக்கப்பட்டுள்ளது. அரபு எழுத்தாளர்கள் எல்லைக்கல் நட்ட அதே ஊரில், இரண்டு பெயர்களும் ஒட்டிக்கொண்டன. இதன் பின்னர் தமிழ் ஐரோப்பியருக்கு மலபார் மொழி ஆயிற்று. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு 1716இல் அச்சிட்ட இலக்கண நூலின் தலைப்பிலும் ‘தமுல் அல்லது மலபார் மொழி’ என்றே போட்டார். அவர் வாழ்ந்ததோ அரபிகள் மஃபர் என்றழைத்த கரையில். உண்மையான மலைபாரை அந்நூலின் எந்தப் பக்கத்திலும் தேட வேண்டியதில்லை.

இந்த மாற்றத்தோடுதான் சொல் இலங்கைக்குள் நுழைகின்றது. ரொபேர்ட் நொக்ஸ் கண்டி இராச்சியத்திலிருந்து 1679இல் தப்பி ஓடும் வழியில் அனுராதபுரப் பக்கத்தில் சந்தித்த, சிங்களம் விளங்காத மக்களை மலபார்கள் என்று எழுதினார். அவர்கள் தமிழர். 1707இல் ஒல்லாந்தருக்காக கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையும் யாழ்ப்பாணத்து மலபார்களின் வழமையாகவே பதிவாயிற்று. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தபோது ‘யாழ்ப்பாண மாகாணத்து மலபார் குடியிருப்பாளர்’ என்ற வாசகத்தை நிலைநிறுத்தினர். பின்னர் நீதிமன்றங்கள் அதைத் தமிழர் என்றே பொருள்கொண்டன.

ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே அரசாங்கம் அதே சொல்லை இன்னொரு ஆவணத்தில் எழுதிற்று. 1815 மார்ச் 2ஆம் திகதிக் கண்டி ஒப்பந்தம், மலபார் இனத்தாருக்குக் கண்டி மாகாணங்களின்மீது இருந்த ஆட்சியுரிமை ஒழிந்தது என்று கூறிற்று. மன்னனின் உறவினரான மலபார் ஆண்கள் அனுமதியின்றித் திரும்பி வந்தால் மரண தண்டனை என்றும் கூறிற்று. இங்கே குறிக்கப்பட்டவர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த, தெலுங்கு வழியினரான நாயக்கர்கள். கேரளத்தவரும் அல்லர், யாழ்ப்பாணத்தவரும் அல்லர். ஒரே அரசின் பேனாவில் 1806இல் ஒரு மக்களின் சொத்துரிமையைக் காத்த சொல், 1815இல் வேறொரு மக்களை நாடு கடத்திற்று. இவ்விரு ஆவணங்களையும் மொழிபெயர்ப்போர் இரண்டிலும் ‘மலையாளி’ என்று போட்டாலும் பிழை. இரண்டிலும் ‘தமிழர்’ என்று போட்டாலும் பிழை.

இனி நம்மிடம் வருவோம். சீகன்பால்கின் கணக்கில் மலபார் என்பது ஒரு மொழி. அந்த மொழியை வீட்டில் பேசும் முஸ்லிம் அக்கணக்கின்படி மலபார் மொழிக்காரர். 1806இன் கணக்கிலோ மலபார் என்பது ஒரு சமூகம். அதே ஆண்டிலேயே முஸ்லிம்களின் விவாக, வாரிசுரிமை விடயங்களுக்கென வேறொரு சட்டக்கோவையும் ஏற்கப்பட்டது. ஆகவே மொழியால் மலபாராக இருந்தவர் சட்டத்தால் மலபார் அல்லர். தமிழ் பேசும் முஸ்லிம் என்ற நமது நிலைமையின் முழு இக்கட்டும் இந்த ஒரு சொல்லின் இரண்டு பயன்பாடுகளுக்கு இடையில் கிடக்கின்றது எனலாம்.

1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி வாசித்த கட்டுரையும், அதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் வெளியிட்ட மறுப்பும் இந்தப் பின்னணியில் மீண்டும் வாசிக்கப்பட வேண்டியவை. இராமநாதன் மொழியையும் வழக்கங்களையும் சான்றாக்கிச் சோனகர் இனத்தால் தமிழரே என்றார். சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டப்பட்ட காலத்தில் அவ்வாதம் வெறும் ஆராய்ச்சியாக இருக்கவில்லை. 1889இல் அப்பிரதிநிதித்துவம் கிடைத்தது. அப்துல் அஸீஸ் அரபு வழித்தோன்றலை முன்வைத்து, மொழி வேறு, வம்சம் வேறு என்று வாதாடினார். அரசியலில் அவரது மறுப்புக்கு இருந்த தேவையை நான் மதிக்கின்றேன். எனினும் இருவரது வாதங்களும் ஒரே அடித்தளத்தில் நிற்கின்றன என்பதே என் கருத்து. ஒரு சமூகத்துக்கு ஒரு கரை, ஒரு மூலம், ஒரு பெயர் இருந்தே தீரவேண்டும் என்பதே அந்த அடித்தளம். மலைபாரிலிருந்தும் மஃபரிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் வந்தவர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்த பெண்களும் சேர்ந்து உருவாக்கிய ஒரு சமூகத்திற்கு அந்த அளவுகோல் பொருந்தாது.

மலபார் என்ற பெயரைத் தனதென்று எழுதியவர்களும் உண்டு. பொன்னானியின் ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரபு மொழியில் எழுதிய ‘துஹ்பத்துல் முஜாஹிதீன்’ அத்தகைய நூல். அங்கே மலைபார் என்பது அவர் பிறந்த மண். அங்குள்ள முஸ்லிமல்லாத மன்னர்களின் நீதியை அவர் பாராட்டுகின்றார்; போர்த்துக்கேயரின் கொடுமையைக் கணக்கெடுக்கின்றார். 1607இல் கோழிக்கோட்டுக் காழி முஹம்மது இயற்றிய ‘முஹ்யித்தீன் மாலை’யும் அந்த மண்ணினதே. அரபு மலையாளத்தில் காலம் தெரிந்த நூல்களில் அது மிகப் பழையது. அதை நமது அரபுத் தமிழ் மாலைகளோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு உறவு தெரியும். உறவு வேறு, உடைமை வேறு. அதைத் தமிழ் நூல் என்று பிடித்திழுக்கும் சிலரது ஆர்வம் போர்த்துக்கேயர் செய்த அதே காரியத்தைத் தலைகீழாகச் செய்வதாகும்.

சிங்கப்பூரில் 1963இல் திறக்கப்பட்ட பொற்குவிமாடப் பள்ளிவாசல் மஸ்ஜித் மலபார் என்று பெயர் பெற்றதும் உள்ளிருந்து வந்த பெயரிடலே. அதைக் கட்டியவர்கள் கேரளத்து முஸ்லிம்கள். தூரத்துக்குப் போனவர்கள் தமது ஊரின் பெயரை ஒரு கூரையின்மேல் எழுதினார்கள்.

இதற்கு நேரெதிரான உதாரணம் ரெயூனியன் தீவு. 1848இல் அடிமை முறை ஒழிந்தபின் பிரெஞ்சுக்காரர் அங்கே கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுபோன இந்தியரில் பெரும்பாலோர் தமிழர். அவர்களுக்கு அங்கே விழுந்த பெயர் ‘மல்பார்’. பின்னர் வணிகம் செய்ய வந்த குஜராத்தி முஸ்லிம்களுக்கு விழுந்த பெயர் ‘ஸாராப்’, அதாவது அரபிகள். மலபாரைக் காணாதவர் மல்பார், அரபு நாட்டவரல்லாதவர் அரபி. ஒரு பெயரை வைத்துப் பூர்வீகம் தேடப் புறப்படும் நம்மவர் இந்தத் தீவை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. நாளை அங்குள்ள ஒருவர் தன் பெயரை மட்டும் நம்பித் தன் வேரைத் தேடினால் கோழிக்கோட்டில் போய் நிற்பார்; அவரது பாட்டனாரின் ஊரோ காரைக்கால் பக்கத்தில் கிடக்கும்.

‘ஒரு பெயர்தானே, இவ்வளவு பேச்சு எதற்கு?’ என்று கேட்கலாம். நமது சமூகத்தில் பெயர் ஒருபோதும் பெயர் மட்டுமாக இருக்கவில்லை. ‘இலங்கைச் சோனகர்’, ‘இந்தியச் சோனகர்’ என்று குடிசன மதிப்பீட்டில் இரண்டு நிரல்கள் இருந்த காலம் உண்டு. 1915 கலவரத்தின்போது ‘கரையோரச் சோனகர்’ என்ற பெயரே ஒரு பகுதியினரை அந்நியராகக் காட்டப் போதுமாயிற்று. எந்தக் கரையிலிருந்து வந்தாய் என்ற கேள்வி நம்மிடம் கேட்கப்படும்போது அது புவியியல் கேள்வியாக இருந்ததேயில்லை. எனவேதான் அக்கேள்விக்கு விடையாக எடுக்கப்படும் பழைய சொற்களை நிறுத்துப் பார்க்க வேண்டியுள்ளது.

இது விடயத்தில் நமது எழுத்தாளர்களிடம் நான் எதிர்பார்ப்பது அதிகமில்லை. பழைய ஆவணத்தைப் பெயர்ப்பவர் ‘மலபார்’ என்று இருந்தால் மலபார் என்றே விடட்டும். எந்த ஆண்டில், எவர் கையால், எந்த மக்களைக் குறித்து எழுதப்பட்டது என்பதை அருகில் ஒரு வரியில் சொல்லட்டும். ஊர் வரலாறு எழுதுபவர் 1600க்கு முந்திய அரபு நூலின் மலைபாரையும் 1806இன் மலபாரையும் ஒரே வாக்கியத்தில் கோர்க்காதிருக்கட்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு கடற்கரை முழுவதும் இடம் மாறியிருக்கின்றது. புனைகதை எழுதுபவர் நிலைமை இன்னும் இக்கட்டானது. பழங்காலத்து வணிகர் ஒருவர் ‘நான் மலபார்க்காரன்’ என்று பேசுவதாக எழுதினால், அவர் உண்மையில் அப்படித் தன்னைச் சொல்லியிருப்பாரா என்று யோசிக்க வேண்டும். காயலார் காயலார் என்றுதான் சொல்லியிருப்பார். பொன்னானியார் தம் ஊரைத்தான் சொல்லியிருப்பார். மனிதர்கள் ஊரின் பெயரால் தம்மைச் சொல்லிக்கொள்கின்றார்கள். கரை முழுவதற்குமான பெயர் பெரும்பாலும் கப்பலின் மேல்தட்டிலிருந்து பார்த்தவருடையது.

விமர்சகருக்கும் ஒரு வேலை உண்டு. நமது இலக்கிய வரலாறு இன்றுவரை நூல்களைச் சேர்ப்பதிலும் பட்டியலிடுவதிலும் பெரும் உழைப்பைச் செலவிட்டுள்ளது. எம்.எம். உவைஸ் போன்றோர் அவ்வுழைப்பால் நமக்கு ஒரு களஞ்சியத்தையே தந்து சென்றனர். அடுத்த கட்டம் அக்களஞ்சியத்தில் வரும் இடப்பெயர்களையும் இனப்பெயர்களையும் காலவாரியாக, பொருள்வாரியாகப் பிரித்துப் பார்ப்பதாகும். மலபார், மஃபர், சோனகர், மரைக்காயர், மாப்பிள்ளை, சம்மான்காரர் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி வரலாறு உண்டு. அவற்றை ஒன்றின் இடத்தில் மற்றொன்றாகப் போடும் பழக்கம் நீங்கினால், யார் எங்கிருந்து வந்தார் என்ற பழைய வழக்கில் பாதி சாட்சிகள் தாமாகவே கூண்டிலிருந்து இறங்கிவிடும். எஞ்சியிருப்பவற்றை வைத்துச் சண்டையிடுவதானாலும் நேர்மையாகச் சண்டையிடலாம்.