கவுனிப் பாக்கெட்டும் அம்மாவின் மாத்திரையும்

போன மாதம் அருவங்காட்டுக்குப் போயிருந்தேன். அம்மா சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார் என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. கேட்டதற்கு, "அதான் தினமும் கவுனிக் கஞ்சி குடிக்கிறேனே, அதுலயே எல்லாம் இருக்காம்" என்றார். எங்க மலையில் நெல் கிடையாது. தேயிலை, கேரட், உருளைக்கிழங்குதான். கருப்புக் கவுனி கீழ்நாட்டிலிருந்து பாக்கெட்டில் ஏறி வருகிறது. பாக்கெட்டின் பின்பக்கத்தில் ஆன்டி-ஆக்ஸிடன்ட் நிறைந்தது, செல்களைக் காக்கும், சர்க்கரையும் புற்றுநோயும் அண்டாது, ஆய்வில் நிரூபிக்கப்பட்டது என்று அச்சடித்திருந்தார்கள்.

எந்த ஆய்வு? நிறமுள்ள அரிசிகளைப் பற்றிய கட்டுரைகளைத் தேடி உட்கார்ந்து படித்தேன். இந்தக் குறிப்பு அந்த வகை ஆய்வுகளைப் பற்றியும், அவை பாக்கெட்டுக்கு வந்து சேரும் விதத்தைப் பற்றியும்தான்.

முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். கருப்புக் கவுனி, மணிப்பூரின் சாக்காவ் போன்ற கருப்பரிசிகளின் நிறம் ஆந்தோசயனின்களால் வருவது. அதில் முக்கியமானது சயனிடின்-3-குளுக்கோசைடு. மாப்பிள்ளைச் சம்பா மாதிரியான சிவப்பரிசிகளில் புரோஆந்தோசயனிடின்கள். இரண்டுமே உமிக்கு அடியில் இருக்கும் தவிட்டுத் தோலில்தான் இருக்கின்றன, தீட்டினால் போய்விடும். வீட்டிலேயே சோதிக்கலாம். கவுனி ஊறிய தண்ணீரில் நாலு சொட்டு எலுமிச்சை விடுங்கள், சிவக்கும். சமையல் சோடா போட்டால் நீலத்துக்குத் திரும்பும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பாதுகாப்பதாகச் சொல்லப்படும் பொருளில் ஒரு பங்கு சிங்க்கில் போயிற்று என்று அர்த்தம். குக்கர் சூட்டில் இன்னொரு பங்கு சிதையும்.

இனி சோதனைகளுக்கு வருவோம். பெரும்பாலான கட்டுரைகளுக்கு ஒரே வார்ப்பு. பச்சரிசி மாவை மெத்தனாலில் ஊறவைத்துச் சாறு எடுப்பார்கள். அதை டி.பி.பி.ஹெச். என்ற ஊதா நிறக் கரைசலில் விடுவார்கள். ஊதா வெளுத்து மஞ்சளானால் ஆன்டி-ஆக்ஸிடன்ட் திறன் அதிகம். எளிய, மலிவான சோதனை. எந்த ரகத்தில் நிறமி கூடுதல் என்று ஒப்பிட நல்லாவே உதவும். ஆனா டி.பி.பி.ஹெச். நம் உடம்பில் எங்குமே கிடையாது. நாம் சாப்பிடுவது மெத்தனால் சாறும் இல்லை, வெந்த சோறு. இதே மாதிரியான ஓராக் அளவுகளை உணவுவாரியாகப் பட்டியல் போட்டிருந்த அமெரிக்க வேளாண் துறை, 2012-ல் அந்தப் பட்டியலை இணையத்திலிருந்தே எடுத்துவிட்டது. அந்த எண்களுக்கும் மனித உடம்பில் நடப்பதற்கும் தொடர்பு காட்டப்படவில்லை, விளம்பரக்காரர்கள் அவற்றைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று காரணமும் சொன்னது.

அடுத்த படி செல் சோதனை. தட்டில் வளர்க்கும் செல்களுக்கு அரிசிச் சாற்றைக் கொடுத்து, பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுவார்கள். சாறு பெற்ற செல்கள் அதிகம் பிழைத்தால் "ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்திலிருந்து பாதுகாக்கிறது" என்று முடிவு எழுதுவார்கள். இதில் ஒரு சிக்கலை பேரி ஹாலிவெல் பல வருடங்களாகச் சொல்லிவருகிறார். பல பாலிஃபீனால்கள் செல் வளர்ப்பு ஊடகத்திலேயே ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து, தாமே ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். அப்போ நாம் பார்ப்பது அரிசியின் வேலையா, தட்டின் வேலையா? இதற்கான கட்டுப்பாட்டுச் சோதனை இல்லாத கட்டுரையை நான் பாதியிலேயே மூடிவிடுகிறேன்.

எங்க ஊருக்கு இது புதுக் கதையும் இல்லை. கார்டைட் ஃபேக்டரியை வைத்து வளர்ந்த ஊர் அருவங்காடு. கார்டைட்டில் நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் இருக்கும். கூடவே கொஞ்சம் வாசலின் வகைக் களிம்பு. பீரங்கிக் குழாய் தேயக்கூடாது என்று சேர்த்த களிம்பு அது. சேமிப்பில் மெல்லச் சிதையும்போது வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிடித்துவைத்து, சிதைவு வேகமெடுக்காமல் தடுக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்றதும் நம் மனதில் வரும் படம் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் அங்கே களிம்பு, எரிபொருளோடு அளந்து பிசையப்பட்டிருக்கிறது. நூற்றுக்கு ஐந்து பங்கு என்று கணக்கு உண்டு. கஞ்சிக்கும் செல்லுக்கும் நடுவில் வயிறு, குடல், குடல் பாக்டீரியா, கல்லீரல் எல்லாம் நிற்கின்றன.

எவ்வளவு கடந்துபோகிறது? 2013-ல் வெளியான ஓர் ஆய்வில் எட்டு ஆண்களுக்கு, கார்பன்-13 அடையாளமிட்ட சயனிடின்-3-குளுக்கோசைடு 500 மில்லிகிராம் கொடுத்துத் தடம் பார்த்தார்கள். சுமார் 12 சதவீதம் உடம்புக்குள் போனதாகக் கணக்கு. முன்பு நினைத்ததைவிட இது அதிகம்தான். ஆனால் ரத்தத்தில் பெரும்பாலும் இருந்தது அதன் சிதைவுப் பொருள்கள். முழு ஆந்தோசயனினைத் தட்டில் ஊற்றி ஆராய்வது, ரத்தத்துக்குப் பெரும்பாலும் வந்தே சேராத ஒன்றை ஆராய்வதாகும். இந்தச் சிதைவுப் பொருள்கள் செல்லின் என்ஆர்எஃப்2 என்ற சுவிட்சைத் தட்டி, செல் தன் பாதுகாப்பு நொதிகளைத் தானே கூட்ட வைக்கலாம் என்ற கருத்து இருக்கிறது. எனக்கு அதில் ஆர்வம் உண்டு. ஆனால் அது பாக்கெட்டில் அச்சடிக்கிற அளவுக்கு முதிரவில்லை.

"எப்படியிருந்தாலும் கெடுதல் இல்லையே" என்பார்கள். ஃபின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994-ல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. அரிசி அந்த மாத்திரை மாதிரி ஆபத்தானது என்று நான் சொல்லவரவில்லை. சோதனைக் குழாய் தர்க்கம் மனிதரிடம் தலைகீழாகலாம் என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன்.

கவுனியால் எங்க வீட்டில் வந்த ஆபத்து வேறு. 100 கிராம் அரிசியில் 70 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. கருப்போ வெள்ளையோ, அது சர்க்கரையாகத்தான் மாறும். தவிடும் நார்ச்சத்தும் அந்த வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். மறுநாள் காலை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தோம். 214. டாக்டர் திட்டவில்லை, மாத்திரையைத் திரும்ப எழுதினார்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா கேட்டார்: "அப்போ கவுனி பொய்யா?"

இல்லைம்மா என்றேன். நல்ல அரிசி, தீட்டின வெள்ளையரிசியைவிட மேல். அளவா சாப்பிடலாம், ஊறவச்ச தண்ணியைக் கொட்டாம. ஆய்வாளர்களிடம் நான் கேட்பதும் பெரிதில்லை. அரிசியை வேகவைத்துச் சோதியுங்கள். ரத்தத்துக்கு வந்துசேரும் பொருளை, வந்துசேரும் அளவில் செல்லுக்குக் கொடுங்கள். முடிவுரையின் கடைசி வரியில் "மருந்தாகப் பயன்படலாம்" என்று போகிற போக்கில் எழுதாதீர்கள். பாக்கெட் அச்சடிக்கிறவர் கட்டுரையில் அந்த ஒரு வரியை மட்டும்தான் படிக்கிறார். எங்க அம்மா அந்தப் பாக்கெட்டை மட்டும்தான் படிக்கிறார்.