ஓங்கிய கையும் எழுந்த சிரிப்பும்

அமெரிக்கத் தொலைக்காட்சியின் குடும்ப நகைச்சுவைத் தொடர்களைப் பற்றி எழுதுவோர் வழமையாக ஒரு கணக்கெடுப்புடன் தொடங்குவார்கள். முதலில் அப்பா, அம்மா, இரண்டு மூன்று பிள்ளைகள். பிறகு மணமுறிவு பெற்ற தாய். பிறகு தந்தை இல்லாமலே வளரும் பிள்ளை. பிறகு இரண்டு அப்பாக்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை இது சொல்லும். யாருடைய சொல் அங்கே எடுபடுகிறது, அது எடுபடாதபோது என்ன நடக்கிறது என்பதைச் சொல்லாது. அதை அறிய இன்னொன்றைப் பார்க்கவேண்டும்: ஓங்கிய கை. இந்தத் தொடர்கள் அதை எப்படிக் காட்டின, எப்படி மறைத்தன என்பதில்தான் பெற்றோர் என்ற பாத்திரத்தின் உண்மையான வரலாறு இருக்கிறது.

1955-56இல் 39 அத்தியாயங்களாக வந்த ‘த ஹனிமூனர்ஸ்’ தொடரின் நாயகன் ரால்ஃப், புரூக்ளினில் ஒரு பஸ் சாரதி. பிள்ளைகள் இல்லை. மனைவி அலிஸ் எதிர்த்துப் பேசும்போதெல்லாம் முஷ்டியை உயர்த்தி, ஒரே குத்தில் சந்திரனுக்கு அனுப்பிவிடுவதாகக் கத்துவான். பார்வையாளர் வெடித்துச் சிரித்தனர். அந்தக் கை ஒருநாளும் அலிஸின் மேல் விழவில்லை. அலிஸும் அசைந்து கொடுக்கவில்லை. விழாது என்று தெரிந்ததால்தான் சிரித்தார்கள் என்பது பாதி உண்மை. விழுகின்ற வீடுகளையும் அவர்கள் அறிந்திருந்தார்கள் என்பது மறுபாதி.

அதே காலத்தில் ஓடிய ‘ஃபாதர் நோஸ் பெஸ்ற்’ (1954-60) தொடரின் தந்தை காப்புறுதி முகவர். எல்லாம் அப்பாவுக்குத்தான் தெரியும் என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. ஆகவே அவர் கை ஓங்கத் தேவையில்லை. தொழிலாளி வீட்டில் அதிகாரம் கத்துகிறது. நடுத்தர வர்க்க வீட்டில் அது மெல்லப் பேசுகிறது. இரண்டும் அதிகாரமே.

1971இல் தொடங்கிய ‘ஓல் இன் த ஃபமிலி’ தந்தையைச் சிரிப்புக்குரிய பொருளாக்கியது. 1984இல் வந்த ‘த கொஸ்பி ஷோ’ அவரை மீண்டும் சிம்மாசனத்தில் ஏற்றியது. வைத்தியரான கணவன், சட்டத்தரணியான மனைவி, ஐந்து பிள்ளைகள். அடிக்காமல் பேசித் திருத்தும் அப்பா. கறுப்பினக் குடும்பமொன்றை அமெரிக்கா முழுவதும் இப்படிப் பார்த்தது சிறிய விடயமல்ல. ஆனால் அந்தப் பொறுமைக்குப் பின்னால் பெரிய வீடும் நிறைந்த வருமானமும் இருந்தன. (அந்த இலட்சியத் தந்தையாக நடித்தவர் 2018இல் பாலியல் வன்முறை வழக்கில் குற்றவாளியாகக் காணப்பட்டதும், 2021இல் அத்தீர்ப்பு இரத்தானதும் வேறு கதை. என்றாலும் திரையில் தெரியும் தந்தைமையை அப்படியே நம்புவோருக்கு அது ஒரு பாடம்.)

இவை எவையும் கேட்காத கேள்வியைக் கேட்டது ‘றோசான்’ (1988-97). தொழிற்சாலையிலும் உணவகத்திலும் மாறி மாறி உழைக்கும் தாய், வேலை நிச்சயமில்லாத தந்தை, கட்டமுடியாத மின்கட்டணம். 1990களில் வந்த ஓர் அத்தியாயத்தில் சின்ன மகன் வீட்டுக் காரை எடுத்து ஓட்டிவிடுகிறான். றோசான் அவனை அடித்துவிடுகிறாள். அடித்த பின்தான் தன்னை அடித்து வளர்த்த தகப்பனின் கை இப்போது தன் தோளிலிருந்து முளைத்திருப்பதைக் காண்கிறாள். மகனிடம் போய் மன்னிப்புக் கேட்கிறாள். ஓங்கிய கைக்குச் சிரித்துப் பழகிய ஒரு கலைவடிவம், அந்தக் கை விழுந்தால் அது தலைமுறை தாண்டும் என்று ஒப்புக்கொண்டது இங்கேதான். முக்கியமானது அடியல்ல, மன்னிப்பு. பெற்றவள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதால் குடும்பம் இடிந்து விழுந்துவிடவில்லை.

இந்த இடத்தில் எங்கள் வீடுகளைப் பற்றிப் பேசாமல் இருக்கமுடியாது. ‘அடியாத மாடு படியாது’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதே, “கண்ணையும் காதையும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்செடுங்கோ” என்று வாத்தியாருக்கு அனுமதி கொடுத்த பெற்றோரின் பிள்ளைகள். பிள்ளைகளை அடிப்பதைச் சுவீடன் 1979இலும் நோர்வே 1987இலும் சட்டத்தால் தடுத்துவிட்டன. அங்கு போய்ச் சேர்ந்த எம்மவர்க்கு அது வெள்ளைக்காரன் குடும்பத்துக்குள் மூக்கை நுழைப்பதாகவே பட்டது. சிறுவர் நலத் திணைக்களம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்ற பயத்தைப் பற்றி எமது ஒன்றுகூடல்களில் பேசிய அளவுக்கு, பிள்ளையின் முதுகைப் பற்றி நாம் பேசவில்லை. தஞ்ச விசாரணையில் எங்கள் உடலில் விழுந்த ஒவ்வொரு அடியையும் அநீதியென்று சொல்லி எழுதவைத்தவர்கள் நாம். வீட்டில் விழுந்த அடிக்கு மட்டும் ‘வளர்ப்பு’ என்று பெயர் வைத்தோம்.

இதனால்தான் ‘கிம்ஸ் கொன்வீனியன்ஸ்’ எமக்கு நெருக்கமானதாகிறது. ரொறன்ரோவில் மூலைக்கடை நடத்தும் கொரியக் குடும்பம். கொரிய மொழியிலும் தந்தை ‘அப்பா’தான், பிள்ளைகள் கூப்பிடும்போது எங்கள் வீட்டுக் குரலே கேட்கிறது. இன்ஸ் சோய் எழுதிய மேடை நாடகமாக 2011இல் ரொறன்ரோ விழாவொன்றில் அரங்கேறி, 2016 முதல் 2021 வரை சிபிசி தொலைக்காட்சியில் ஐந்து பருவங்கள் ஓடியது. நாடகத்து அப்பா கொரியாவில் ஆசிரியராக இருந்தவர். இங்கே கல்லாவில் நிற்கிறார். மகன் ஜங் பதினாறு வயதில் தகப்பனிடம் வாங்கிய அடியோடு வைத்தியசாலைக்குப் போகிறான். பிறகு கடைப் பணத்தை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டே போய்விடுகிறான். தாய் அவனைத் திருட்டுத்தனமாகச் சந்திக்கிறாள். இந்தத் தாயை நாம் அறிவோம்.

மேடையில் அந்த அடி கதையின் நடுமுள். தொலைக்காட்சியிலோ அது பெரும்பாலும் தூரத்துப் பழைய மனத்தாங்கலாகிவிடுகிறது. அடுத்த கிழமையும் சிரிக்கவைக்க வேண்டிய தொடருக்கு, அப்பா அன்பான முரடராகவே இருந்தாக வேண்டும். மொழி தடுக்கும் அவருடைய ஆங்கிலம் சிரிப்புக்கு உதவுகிறது. அவருடைய கை உதவாது, எனவே மறைக்கப்படுகிறது. எழுத்தாளர்கள் மத்தியில் ஆசியர் போதாமை குறித்து அதில் நடித்த ஜீன் யூனும் சிமு லியுவும் 2021இல் வெளிப்படையாகவே குறைப்பட்டனர். எதைச் சொல்வது, எதை விடுவது என்பது எழுதும் மேசையில் யார் இருக்கிறார்கள் என்பதோடு சம்பந்தப்பட்டது.

2020 முதல் 2023 வரை நெற்ஃபிளிக்ஸில் வந்த ‘நெவர் ஹாவ் ஐ எவர்’ நேரடியாகவே தமிழ் வீடு. தேவியாக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாவில் பிறந்த ஈழத்தமிழ்ப் பெண். பதினைந்தாயிரம் பேரிலிருந்து தெரிவானவர். அப்பா மோகன் மகளின் இசை நிகழ்ச்சியிலேயே மாரடைப்பால் இறந்துவிடுகிறார். இறந்தவர் என்பதால் நினைவில் மென்மையாகவே இருக்கிறார். கண்டிப்பின் பழியெல்லாம் உயிரோடிருக்கும் தாய் நளினியின் தலையில். இது நியாயமற்ற பங்கீடு, ஆனால் பல வீடுகளின் உண்மைப் பங்கீடு. இங்கே ஓங்குவது கையல்ல, வாய். அன்று இறந்தது நீயாக இருந்திருக்கலாமே என்று மகள் தாயைப் பார்த்துச் சொல்லிவிடுகிறாள். தாய் திருப்பி அடிக்கவில்லை. நொறுங்கிப் போகிறாள். முதற் பருவத்தின் முடிவில் இருவரும் மோகனின் சாம்பலைக் கடலில் கரைக்கும்போதுதான் பேச்சு திரும்புகிறது.

ஆனாலும் நளினி ஒரு தோல் வைத்திய நிபுணர். வீட்டு வாடகைக்குப் பயமில்லாதவர். கொஸ்பி வீட்டுப் பொறுமையின் விலையை இங்கும் யாரோ முன்கூட்டியே கட்டிவிட்டார்கள். இரவில் உணவகத்தில் கோப்பை கழுவி, விடிய வீடு வந்து, பிள்ளை மொழிபெயர்க்கும் பாடசாலைக் கடிதத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் அப்பனின் கதை அதில் இல்லை. சொல் செல்லாத நாட்டில் அவனுக்கு மிஞ்சியிருந்தது கை ஒன்றுதான் என்பதையும், அது அவனுக்குச் சாட்டாகாது என்பதையும் ஒரே மூச்சில் சொல்லும் நகைச்சுவை வேண்டும்.

எமது மேடைகளில் பிள்ளைகளின் கொன்னைத் தமிழுக்கும் பெரியவர்களின் உடைந்த ஆங்கிலத்துக்கும் நாம் நிறையச் சிரித்தாயிற்று. அடி வாங்கிய பிள்ளைகள் இப்போது நாற்பதைத் தொடுகிறார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த நகைச்சுவையை அவர்கள்தான் எழுதவேண்டும். எழுதும்போது நாம் முன்வரிசையில் இருந்து பார்க்கவேண்டும், எழும்பிப் போகாமல்.