காரின் கூரையா, காரின் முதுகா?
மிதிவண்டி ஏற்றும் கேரியர்கள் பற்றி ஒரு மதிப்பீடு

காவிரிப் படுகையில் வண்டியின் கூரைமேல் சுமை ஏற்றுவது புதிய வழக்கமன்று. 1972-இல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. அக்காலத்துப் பேருந்துகளை நினைவில் வைத்திருப்பவர்கள் அவற்றின் பின்புற இரும்பு ஏணியையும் மறந்திருக்க மாட்டார்கள். ஏணியில் ஏறினால் கூரைமேல் கம்பிச் சட்டம். அதில் வாழைத்தார்கள், வெற்றிலைக் கூடைகள், கோணிமூட்டைகள். அவற்றின் நடுவே கயிற்றால் கட்டப்பட்டுப் படுத்துக் கிடக்கும் ஒரு மிதிவண்டி. இன்று அந்த ஏணியும் சட்டமும் பெரும்பாலான பேருந்துகளிலிருந்து மறைந்துவிட்டன. ஆகவே, மகளைக் கல்லூரி விடுதியில் சேர்க்கச் செல்லும் பெற்றோரும், விடுமுறை நாளில் கல்லணைக்குக் காரில் சென்று ஆற்றங்கரைச் சாலையில் மிதிவண்டி ஓட்ட விரும்பும் இளைஞர்களும் காருக்கென விற்கப்படும் கேரியர்களை நாடுகின்றனர்.

இவை இருவகைப்படும். ஒன்று காரின் கூரைமேல் பொருத்துவது. மற்றொன்று காரின் பின்புறம் பொருத்துவது. மேலைநாடுகளில் இந்த இரண்டாம் வகையை, வண்டியின் அடிச்சட்டத்தோடு பிணைந்த ‘ஹிட்ச்’ என்னும் இழுவைப் பிணைப்பில் செருகுகிறார்கள். இரண்டில் எது நல்லது? வெளிநாட்டு நூல்களும், அவற்றைத் தழுவி இங்கு எழுதப்படும் குறிப்புகளும் பெரும்பாலும் பின் கேரியருக்கே வெற்றிமாலை சூட்டுகின்றன. காற்றுத் தடை குறைவு, எரிபொருள் மிச்சம், தூக்கி வைப்பது எளிது என்பவை அவை காட்டும் காரணங்கள். இக்காரணங்கள் பொய்யல்ல. ஆயினும் அவை வேறொரு நாட்டின் சாலையில் நின்று சொல்லப்பட்டவை. தஞ்சை மாவட்டச் சாலையில் வைத்து அவற்றை உரைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் காற்றுத் தடையை எடுத்துக்கொள்வோம். ஓடும் வண்டியை எதிர்க்கும் காற்றின் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் செல்லும் காருக்கு உள்ள தடையை 1 எனக் கொண்டால், 120 கிலோமீட்டரில் அது 9 ஆகும். கூரைமேல் நிற்கும் மிதிவண்டிக்கும் இதே விதிதான். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்கிலி ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் 2016-இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். அதன்படி, 2015-இல் அந்நாட்டின் கார் போன்ற இலகு வண்டிகள் குடித்த எரிபொருளில் ஒரு பங்கு கூரைச் சட்டங்களால் வந்த கூடுதல் செலவு. தனி வண்டியில் இழப்பு 25 விழுக்காடு வரை போகலாம் என்றும் அவர்கள் கண்டனர். அகன்ற நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக விரையும் நாட்டில் இது பெரிய இழப்பே.

ஆனால் திருவையாற்றிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணைக்குச் செல்பவர் எந்த வேகத்தில் போக முடியும்? ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வயல், இடையிடையே ஊர்கள், ஊருக்கு இரண்டு வேகத்தடைகள். 40 கிலோமீட்டரைத் தாண்டினால் அதுவே அதிகம். அங்கே காற்றுத் தடையைச் சொல்லிக் கூரைக் கேரியரைத் தள்ளிவைப்பது, ஓடைக்கு அஞ்சிக் கப்பல் வாங்குவது போன்றது. திருச்சி–தஞ்சை நான்கு வழிச் சாலையில் மட்டும் அந்தக் கணக்குக்கு ஓரளவு மதிப்பு உண்டு. அந்த ஆய்வில் நமக்கு உண்மையில் பயன்படும் பகுதி வேறு. மிதிவண்டி ஏற்றாமல் வெறுமனே சுமந்து திரியும் கேரியராலும் எரிபொருள் வீணாகிறது. வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிட வேண்டியதுதான். பத்து நிமிட வேலைக்குச் சோம்பி ஆண்டு முழுவதும் சட்டத்தைத் தலையில் சுமக்கும் கார்களை நம் ஊர்களிலும் காணலாம்.

அடுத்தது எடை. இங்கே படுகை விவசாயிக்குப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மாட்டு வண்டியில் நெல் மூட்டை அடுக்கும்போது முன்பாரம், பின்பாரம் பார்த்தே அடுக்குவார். பாரம் அச்சுக்குப் பின்னால் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பும். பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். காரில் மாடு இல்லை; ஆனால் நெம்புகோல் விதி அங்கும் உண்டு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.4 மீட்டர் உள்ள ஒரு சிறிய காரைக் கொள்வோம். இரண்டு மிதிவண்டிகளும் கேரியரும் சேர்ந்து 40 கிலோ. அச்சுமை பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் தொங்குகிறது. அப்போது பின் அச்சின்மேல் ஏறும் பளு 40 கிலோ அன்று, 60 கிலோ. கூடுதலான 20 கிலோ எங்கிருந்து வந்தது? முன் அச்சிலிருந்து வந்தது. அதாவது, வண்டியைத் திருப்பும் முன்சக்கரங்கள் அந்த அளவுக்குத் தரையை விட்டுத் தளர்கின்றன. ஓட்டுநருடனும் மூன்று பயணிகளுடனும் பின்பெட்டி நிறையப் பொருள்களுடனும் செல்லும் காரில் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வேகத்தடையில் பின்சக்கரம் ஏறி இறங்கும்போது, நெம்புகோலின் நுனியில் உள்ள சுமை பின்சக்கரத்தைவிட அதிகமாகத் துள்ளுகிறது. கேரியரின் வாரும் திருகும் தளர்வது அங்கேதான்.

கூரைக் கேரியரில் கெடுதல் வேறு வகையானது. 1000 கிலோ எடையும், தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையமும் கொண்ட காரின்மேல் அதே 40 கிலோவை 190 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால், ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டருக்கு உயர்கிறது. 5 சென்டிமீட்டர்தானே என்று எண்ணலாம். நேர்ச்சாலையில் அதனால் தீங்கில்லை. ஆற்றங்கரை வளைவில் வேகமாகத் திருப்பினால் அந்த 5 சென்டிமீட்டர் தெரியும். எனவே மெதுவாகத் திருப்ப வேண்டும். பல சிறிய கார்களின் கூரை தாங்கக்கூடிய அளவு, கேரியரின் எடையையும் சேர்த்து, 50 முதல் 75 கிலோ வரைதான். காரின் கையேட்டில் அது அச்சிடப்பட்டிருக்கும். அதைப் படிக்காமல் மூன்றாவது மிதிவண்டியையும் ஏற்றுவது கேரியரின் குற்றமாகாது.

இனி, இம்மதிப்பீட்டில் நாம் மிக முக்கியமாகக் கருதும் செய்திக்கு வருவோம். எரிபொருளும் ஈர்ப்பு மையமும் காரில் இருப்பவரின் கவலைகள். காருக்குப் பின்னால் வருபவர் யார்? தமிழ்நாட்டில் பதிவான வண்டிகளில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவை இருசக்கர வண்டிகள். ஆகவே நம் காரை ஒட்டிப் பின்னால் வருபவர் பெரும்பாலும் ஒரு மோட்டார் சைக்கிள் ஓட்டி. பல வேளைகளில் பின்னிருக்கையில் ஒரு பெண்ணும் மடியில் ஒரு குழந்தையும். பின் கேரியரில் குறுக்காகத் தொங்கும் மிதிவண்டியின் கைப்பிடியும் மிதிகட்டையும் இவர்களுடைய மார்பு, முக உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. மேலை நெடுஞ்சாலையில் பின்னால் வருவது இன்னொரு கார். மோதினால் தகடு நசுங்கும். இங்கே மோதுவது மனித உடல்.

அகலத்தையும் கவனிக்க வேண்டும். பற்சக்கர மாற்று வசதியுள்ள மிதிவண்டியின் நீளம் ஏறத்தாழ 1.7 மீட்டர்; பழைய கறுப்பு மிதிவண்டி அதைவிடவும் நீளம். ஆல்டோ போன்ற சிறிய காரின் அகலமோ சுமார் 1.5 மீட்டர்தான். ஆகவே இருபுறமும் சக்கரம் வெளியே நீட்டும். ஒற்றைத் தடச் சாலையின் தார்ப்பரப்பு 3.75 மீட்டர். அறுவடைக் காலத்தில் அதிலும் ஒரு பாதியில் நெல்லைக் காயப் போட்டுக் கல் வரிசை வைத்திருப்பார்கள். (சாலையில் நெல் காயவைப்பது சரியா என்பது வேறு விவாதம், களம் போதாத ஊரில் ஈர நெல்லை வைத்துக்கொண்டு விவசாயி என்ன செய்வார்?) மீதமுள்ள பாதியில் எதிரே டிராக்டர் வரும்போது, காரின் பக்கவாட்டைக் கண்ணால் அளந்து ஒதுங்கும் ஓட்டுநருக்குப் பின்னால் நீட்டிய சக்கரம் நினைவில் இராது.

விளக்குகளின் நிலை இன்னும் மோசம். பின் கேரியரில் ஏற்றிய மிதிவண்டிகள் சிவப்பு விளக்கையும், திரும்பும் விளக்கையும், பதிவெண் பலகையையும் பாதி மறைத்துவிடுகின்றன. பதிவெண்ணை மறைப்பது சட்டப்படி குற்றம். அனுமதித்த அளவுக்கு மேல் பக்கவாட்டிலோ பின்னாலோ நீட்டிய சுமையோடு வண்டி ஓட்டினால் 20,000 ரூபாய் அபராதம் என்று 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் கூறுகிறது. ஐரோப்பிய நாடுகளில் பின் கேரியரோடு ஒரு பலகையைச் சேர்த்துப் பொருத்துகிறார்கள்; அதில் விளக்குகளும் பதிவெண்ணும் மீண்டும் அமைந்திருக்கும். நம் கடைகளில் பின் கேரியர் கிடைக்கிறது. அதனோடு அந்தப் பலகையைக் கேட்டு வாங்குபவரைக் காண்பது அரிது. பாதிக் கருவியை வாங்கிவிட்டு முழுக் கருவியின் பாதுகாப்பை எதிர்பார்க்கிறோம்.

மேலும், நம் நாட்டுச் சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் உண்மையான இழுவைப் பிணைப்பே இல்லை. பழுதான காரைக் கயிறு கட்டி இழுப்பதற்காகத் தரும் திருகு வளையத்தைச் சிலர் அதுவென்று எண்ணுகிறார்கள். அது இழுப்பதற்கே ஆனது, சுமப்பதற்கன்று. ஆகவே இங்கு ‘பின் கேரியர்’ என்று கிடைப்பதில் பெரும்பகுதி, பின்கதவில் கொக்கிகளை மாட்டி வார்களால் இறுக்கும் வகையே. கதவின் மெல்லிய தகட்டு விளிம்பும், அதன்மேல் அழகுக்காகப் பொருத்திய பிளாஸ்டிக் தகடும், கண்ணாடியும் 40 கிலோவின் துள்ளலைத் தாங்க வேண்டியிருக்கிறது. வெளிநாட்டு நூல் புகழும் பின் கேரியர் ஒன்று, நாம் வாங்கும் பின் கேரியர் வேறொன்று.

கூரை வகையிலும் குறைகள் இல்லாமலில்லை. அம்பாசிடர் காரின் கூரை ஓரத்தில் மழைநீர் வடிய ஒரு மடிப்பு இருந்தது. கேரியரின் கால்கள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றன. இன்றைய கார்களில் அம்மடிப்பு இல்லை. சிலவற்றில் கூரையின் இருபுறமும் தண்டவாளம் போன்ற கம்பிகள் பளபளக்கின்றன. அவற்றில் பல வெறும் அலங்காரம். சுமை ஏற்றினால் கையோடு வந்துவிடும். சுமக்காத கம்பியைச் சுமக்கும் கம்பிபோல் செய்து விற்பதைக் கார் உற்பத்தியாளர்கள் எப்படி நியாயப்படுத்துவார்களோ தெரியவில்லை. உயரமும் தொல்லைதான். 1.5 மீட்டர் உயரக் காரின்மேல் மிதிவண்டியை நிமிர்த்தி நிறுத்தினால் மொத்தம் 2.7 மீட்டர் ஆகும். அந்த நினைவின்றி வீட்டுக் கொட்டகைக்குள்ளோ திருமணப் பந்தலுக்குள்ளோ காரைச் செலுத்தினால், மிதிவண்டியும் போகும், கூரையும் போகும். ஓட்டுநர் கண்ணெதிரே ஒரு சீட்டில் ‘2.7 மீட்டர்’ என எழுதி ஒட்டிவைப்பது நலம்.

இங்கேதான் பழைய பேருந்துக்காரர்களின் வழி நினைவுக்கு வருகிறது. அவர்கள் மிதிவண்டியை நிறுத்தவில்லை, படுக்க வைத்தார்கள். அம்பாசிடர் காலத்துத் தட்டுக் கேரியர் வகையில் இதைக் காரிலும் செய்யலாம். கைப்பிடியைத் தளர்த்தி வண்டியின் நீளவாக்கில் திருப்பி, மிதிவண்டியைப் படுக்க வைத்து, இரண்டாவதை இடையில் சாக்கு விரித்து மேலே வைத்தால், மொத்த உயரம் 2.7 மீட்டரிலிருந்து கிட்டத்தட்ட 2 மீட்டருக்கு இறங்கும். ஈர்ப்பு மையமும் அதற்கேற்பத் தாழும். நிறுத்தி வைக்கும் நவீனக் கேரியர் பார்வைக்கு அழகு. ஆயினும் இந்தப் படுகைச் சாலைக்குத் தட்டுக் கேரியரே ஏற்றது என்பது நம் கருத்து. கயிற்றைக் குறுக்கே மட்டும் கட்டினால் போதாது. மணிக்கு 50 கிலோமீட்டரில் செல்லும்போது திடீரெனப் பிரேக் போட்டால், 40 கிலோ சுமை சுமார் 28 கிலோ எடைக்கு ஈடான விசையோடு முன்னோக்கிப் பாயும். முன்னும் பின்னும் தனித்தனியே இழுத்துக் கட்ட வேண்டும். பத்துக் கிலோமீட்டர் சென்றதும் ஒருமுறை இறங்கித் திருகுகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

தூக்கி வைக்கும் தொல்லை ஒன்று மீதியிருக்கிறது. 12 கிலோ மிதிவண்டியை ஒருவரே ஏற்றலாம். அரசு பதினொன்றாம் வகுப்பில் வழங்கும் மிதிவண்டியோ ஏறத்தாழ 20 கிலோ. அதற்கு இருவர் வேண்டும். முதியவர் தனியே செல்வதானால், சக்கரங்களைக் கழற்றிப் பின்னிருக்கையை மடக்கி உள்ளே வைப்பதே மேல். சங்கிலியின் எண்ணெய் இருக்கையில் ஒட்டாதிருக்க ஒரு பழைய வேட்டி போதும். பின் கேரியரை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் விளக்குப் பலகை ஒன்றைச் செய்து பொருத்த வேண்டும். காரின் மின் அமைப்பை அறிந்த பணிமனையில் அரை நாள் வேலை அது. அதுவரை இருட்டியபின் அந்தக் காரை வெளியே எடுக்கக் கூடாது.